கசந்தது பாகற்காயா, சுரைக்காயா?

பாகற்காயும் சுரைக்காயும் சேர்த்து அடித்த சாற்றைக் குடித்த அரை மணி நேரத்தில் அப்பா இரண்டு முறை வாந்தி எடுத்தார், சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பாகற்காயைச் சந்தேகிக்கிறீர்கள். எனக்குச் சுரைக்காய் மேல்தான் சந்தேகம்.

நல்ல சுரைக்காய் கசக்காது. சில காய்களில் மட்டும் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு ஏறியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. வாந்தி, பேதி, முற்றினால் ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது வரை கொண்டுபோகும், முறிமருந்து கிடையாது. பாகற்காயோடு சேர்த்து அடித்தால் எது கசக்கிறது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்?

வாந்தி நிற்காவிட்டாலோ, ரத்தம் தெரிந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுரைக்காய்ச் சாறு குடித்ததை மறக்காமல் சொல்லுங்கள். கிளிமிபிரைடு போட்டுச் சாப்பாடு தங்காவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவும் வாந்தியாகிவிட்டால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரை இரண்டையும் மருத்துவரைக் கேட்டுவிட்டே போடட்டும்.

இனிமேல் சமைக்கும் முன் சுரைக்காயின் இரண்டு முனையிலும் சின்னத் துண்டு நறுக்கி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். துளி கசந்தாலும் முழுக் காயும் குப்பைக்கு. முப்பது ரூபாய்க் காய்தானே! பாகற்காயைச் சாறாக வேண்டாம், பொரியலாகச் சாப்பிடட்டும். கிளிமிபிரைடு மாத்திரையோடு வெறும் வயிற்றில் சாறு குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.