பென்ஷன் புக்கில் வள்ளி, ஆதாரில் வள்ளியம்மாள்

கேள்வி: கணியம்பாடி பக்கம் எங்கள் கிராமம். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் 24 வருடம் இருந்து, 1996-ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். மூன்று வாரத்துக்கு முன் 73 வயதில் தவறிவிட்டார். அம்மா பெயர் பென்ஷன் புக்கில் வள்ளி, ஆதாரில் வள்ளியம்மாள். பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. கோர்ட்டுக்குப் போகாமல் குடும்ப பென்ஷன் வராது என்கிறார்கள். முடித்துக்கொடுக்க ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். இதற்கிடையில் மாதக் கடைசியில் அப்பா கணக்கில் பென்ஷன் வழக்கம்போல ஏறியிருக்கிறது. காரியச் செலவுக்கு எடுக்கலாமா? கணவரைப் பிரிந்து வந்த தங்கையும் அம்மாவோடுதான் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது உண்டா?

பதில்: அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். அப்பாவின் பென்ஷன் அவர் இறந்த நாள் வரைக்கும்தான். மறுநாளிலிருந்து அம்மாவின் குடும்ப பென்ஷன் தொடங்குகிறது. இறந்த தகவல் போய்ச் சேராததால்தான் முழுத் தொகை ஏறியிருக்கிறது. கூடுதலாக வந்ததைப் பின்னால் பிடித்தே தீருவார்கள். ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிறது என்று நாலைந்து மாதம் எடுத்துவிட்டு, பிறகு அம்மாவின் முதல் அரியரே அதற்குச் சரியாய்ப் போன வீடுகள் நம் பக்கம் ஏராளம்.

கோர்ட்டும் வேண்டாம், அந்த 15,000-மும் வேண்டாம். 1996-ல் வந்த பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) அப்பாவின் பென்ஷனோடு மனைவியின் குடும்ப பென்ஷனையும் சேர்த்தே அறிவித்திருப்பார்கள். அதாவது அம்மாவுக்கு அது ஏற்கெனவே அனுமதியானது. புதிதாக யாரும் மனது வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, தொடங்கி வைத்தால் போதும். மனைவி கேட்கும் குடும்ப பென்ஷனுக்குக் கோர்ட் வாரிசுரிமைச் சான்று தேவையில்லை. தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் நிலம், வங்கி வேலைகளுக்கு உதவும். அதை இ-சேவை மையத்தில் தனியாகப் போட்டு வையுங்கள், ஆனால் பென்ஷனை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

பெயர்க் குழப்பம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர்களில் கேட்டுப் பாருங்கள். லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டு யூனிட்டுக்குத் திரும்பியவர் அங்கே கிளார்க்கிடம் வாயால் சொல்வார், அது பார்ட் டூ ஆர்டராக, அதாவது வீரரின் சொந்த விவரங்களைப் பதியும் ராணுவ உத்தரவாக, வெளியாகும். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னவர்களும் உண்டு, வயதைக் குத்துமதிப்பாகச் சொன்னவர்களும் உண்டு. தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பெயருக்குரியவர் இங்கே மாமியார் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருப்பார். அந்தத் தாளை அவர் கண்ணிலேயே காட்டியிருக்க மாட்டார்கள்.

இனி வேலை. இறப்புச் சான்றிதழைப் பத்துப் பிரதியாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அப்பாவின் பெயரும் இனிஷியலும் பி.பி.ஓ.வில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இறப்பைப் பதிய 21 நாள்தான் கெடு, மூன்று வாரம் ஓடிவிட்டது என்கிறீர்கள். பதியாமல் இருந்தால் இன்றைக்கே போங்கள்.

அப்பாவின் பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் முறைக்கு மாறியிருந்தால் அவர் செல்போனில் அந்தப் பெயரில் எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். வேலை முடியும்வரை அந்த சிம் கார்டை உயிரோடு வைத்திருங்கள். ஸ்பர்ஷ் தளத்தில் இறப்பைத் தெரிவித்து, இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், பான், வங்கிக் கணக்கு, போட்டோ ஆகியவற்றை ஏற்ற வேண்டும். வீட்டில் முடியாவிட்டால் சி.எஸ்.சி. பொது சேவை மையத்தில் செய்யலாம். ஓ.டி.பி.யை மட்டும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக இருந்தால் அதையே குடும்ப பென்ஷனுக்கும் கொடுக்கலாம்.

பெயர், பிறந்த தேதி திருத்தம் போக வேண்டிய இடம், வீரர்களின் பணிக் கோப்புகள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. (எம்.இ.ஜி., அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு. பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய விலாசத்துக்கே அனுப்பிவிடாதீர்கள்.) கடிதத்தின் தலையில் அப்பாவின் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், பி.பி.ஓ. நம்பர். இவை இல்லாத கடிதத்துக்கு அங்கே கோப்பே கிடைக்காது. 'வள்ளி என்பவரும் வள்ளியம்மாள் என்பவரும் ஒருவரே' என்று அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பிரமாணப் பத்திரம், ஆதார், பான், வாக்காளர் அட்டை, பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கம், இவற்றின் நகல்களை இணையுங்கள். வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்து, அவர்கள் மூலமாகவே அனுப்புவது நல்லது. இங்கேயே குறை தெரிந்துவிட்டால் வெலிங்டனிலிருந்து திரும்பி வரும் இரண்டு மாதம் மிச்சம். வள்ளி, வள்ளியம்மாள் சின்ன வித்தியாசம். பெயரே வேறாக இருந்தால்தான் பத்திரிகை விளம்பரம் வரைக்கும் கேட்பார்கள்.

பழைய தாள்களில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றிருக்கும், ஆதாரில் வேலூர். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு 2019-க்குப் பிறகு இன்னொரு பெயர். வெளி மாநிலத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது மூன்று ஊராகத் தெரியும். பழைய மாவட்டப் பெயரையும் இன்றைய பெயரையும் விண்ணப்பத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பிறந்த தேதியை 'அட்ஜஸ்ட்' செய்துகொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 80 வயதில் குடும்ப பென்ஷன் 20 சதவீதம் கூடுகிறது, 85-ல் 30, 90-ல் 40. அதனால்தான் அந்தத் தேதியைக் குடைந்து பார்க்கிறார்கள். ஆதார், பான், இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு மூன்றும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். ஆதாரே தப்பாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

எவ்வளவு வரும்? அடிப்படைக் கணக்கு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது அப்பா வாங்கியதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. ஓய்வுக்குப் பின் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50 சதவீத உயர் விகிதம் ஏழு வருடம் அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, எது முந்தியோ அதுவரைதான். அப்பா 67-ஐத் தாண்டிவிட்டதால் அம்மாவுக்கு அது இல்லை. ஊனப் பென்ஷன் சேர்த்து வாங்கியிருந்தால் அந்தப் பகுதி அவரோடு நின்றுவிடும். முதல் மாதம் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

லைஃப் சர்டிபிகேட் இனி அம்மா பெயரில், வருடா வருடம் நவம்பரில். களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. மெஷினில் பத்துத் தடவை அழுத்திச் சிரமப்படாமல் செல்போனில் முகம் காட்டும் முறையில் முடித்துவிடுங்கள். இ.சி.எச்.எஸ். கார்டையும் கேண்டீன் கார்டையும் அம்மா பெயருக்கு மாற்றக் கையோடு விண்ணப்பியுங்கள். கார்டு இல்லாத இடைவெளியில்தான் ஆஸ்பத்திரிச் செலவு வந்து நிற்கும். அப்பாவின் கறுப்பு ட்ரங்குப் பெட்டியில் ஏ.ஜி.ஐ.எஃப். (ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி) எக்ஸ்டெண்டட் இன்சூரன்ஸ் சர்டிபிகேட் இருக்கிறதா என்றும் தேடுங்கள். காலம் முடியாமல் இருந்தால் நாமினிக்குத் தனித் தொகை உண்டு.

தங்கை விஷயம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. அம்மா இருக்கும்வரை குடும்ப பென்ஷன் அம்மாவுக்குத்தான். அவருக்குப் பிறகு, சார்ந்து வாழும் விவாகரத்தான மகளுக்கு, 25 வயதைக் கடந்திருந்தாலும், மறுமணம் ஆகும்வரை கிடைக்கும். அவளுடைய வருமானம் 9,000 ரூபாயும் அதன் அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். ஆனால் 'பிரிந்து வந்துவிட்டாள்' என்பது போதாது, ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த அத்துவிட்ட பத்திரமும் செல்லாது. பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போது விவாகரத்து மனு கோர்ட்டில் ஏறியிருக்க வேண்டும். தீர்ப்பு பிறகு வந்தாலும் பரவாயில்லை. நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியது இதற்குத்தான். தங்கைக்கு அந்த முடிவு மனப்பூர்வமானது என்றால், வக்கீல் ஃபீஸ் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எது என்று கேட்டு, கல்யாணப் பத்திரிகை, இருவரின் ஆதார் நகலோடு அவளையே நேரில் போய் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.