காய்ச்சல் விட்ட அன்றே கையில் பையைக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. காரைக்குடியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். டெங்கு என்று உறுதியாகி இரண்டு வார மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அக்காள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். "சும்மாதானே இருக்கிறாய்" என்று ஆத்தா அன்று மாலையே என்னைத் தேவகோட்டைக்கு அனுப்பினார்கள். பைக்கில் போய்த் திரும்பும்போது தலை சுற்றியது, வயிறு வலித்தது. இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மறுநாள் சரியாகிவிட்டது. இன்று பத்தாம் நாள். ரேஷன், மின்கட்டணம், பாத்திரக்கடை என்று தினமும் அலைகிறேன். படியேறினால் கால் நடுங்குகிறது. நேற்று சந்தையில் எங்கள் மேலாளர் என்னைப் பார்த்துவிட்டார். விடுப்பில் இருப்பவன் வெளியே போவது தவறா? காய்ச்சல் போன பிறகும் ஏன் இந்த அசதி?

பதில்: மேலாளர் பார்த்தது இருக்கட்டும். அந்த ஐந்தாம் நாள் மாலையைப் படித்தபோது எனக்குப் பதறியது. வயிற்று வலியும் வாந்தியும் வந்த அந்த இரவில் நீங்கள் மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டும்.

மற்றப் பல காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நோய் இறங்கிவிட்டது என்று பொருள். டெங்குவில் அப்படி இல்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான கட்டம். அப்போது சிலருக்கு நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். ரத்தம் கெட்டிப்பட்டு, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போதாத அதிர்ச்சி நிலை வரை போகலாம். எல்லோரும் ரத்தம் உறைய உதவும் தட்டணுவை (பிளேட்லெட்) மட்டுமே கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில், ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. என்று ஓர் அளவு இருக்கும். அது ஏறுகிறதா என்று பார்ப்பதும் அதே அளவு முக்கியம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் பிரியாமை, காரணமில்லாத பரபரப்பு, மயக்கம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் தலைசுற்றி பைக்கிலிருந்து விழுந்திருந்தால், சாதாரணக் காயமே பெரிய ரத்தக்கசிவாக முடிந்திருக்கலாம்.

பத்தாம் நாளில் இருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இனி வருவது அசதி. வைரஸோடு போராடிய உடம்பு, கல்லீரல் உட்பட, தேறுவதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை படியேறினால் கால் நடுங்குவது பலருக்கும் உண்டு. சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் இந்த வாரம் உங்கள் மருத்துவரிடம் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்த அணுக்கள், கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ இ.சி.ஜி.யும் வேண்டும். அலைந்த உடம்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில், போதும்.

மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவ விடுப்பு வீட்டுச் சிறை அல்ல. மருந்துக்கடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் போகலாம், மாலையில் தெருமுனை வரை காலாற நடக்கலாம். ஆனால் சந்தையில் அலைகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுத முடியாதா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒளிக்காமல் நீங்களே அவரிடம் பேசிவிடுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளில் உடற்தகுதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். இன்னும் தேறவில்லை என்றால் விடுப்பை நீட்டித்து எழுதித் தருவது மருத்துவர்களாகிய எங்கள் பொறுப்பு.

உங்கள் ஆத்தாவை நான் குறை சொல்லவில்லை. ஒரே வளவு வீட்டில் நாலைந்து புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், இருப்பதை நான் அறிவேன். ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். ஊரில் இருப்பவர் ஒருவர் விடுப்பு எடுத்தால் அத்தனை புள்ளியின் வேலையும் அவர் தலையில்தான் வந்து விழும். கல்யாணம் என்றால் சாமான் வாங்குவதிலிருந்து பங்காளி வீட்டுக்குச் சொல்லப் போவது வரை ஓயாது. ஆனால் ஆத்தாவிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்: ஆச்சி, உங்கள் மகன் சும்மா இல்லை, அவர் உடம்பு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. ரேஷன் கடைக்கு அட்டையில் பெயர் உள்ள வேறொருவர் போய் விரல்ரேகை வைக்கலாம். மின்கட்டணத்தைக் கைபேசியிலேயே கட்டலாம். தேவகோட்டைக்கு வேறு யாராவது பஸ்ஸில் போகட்டும்.

கல்யாணத்துக்கு ஆட்கள் வரப்போகும் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முற்றத்து மழைநீரைப் பிடித்து வைக்கும் அண்டா, கிடாரம், பின்கட்டுத் தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொட்டிவிட்டால் மட்டும் போதாது. பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடு இருந்தால் சாவி வைத்திருப்பவரிடமும் சொல்லுங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. வேறு வகை இரண்டாம் முறை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அந்தக் கவலை இனி உங்களுக்கு உண்டு.

தண்ணீர், இளநீர், கஞ்சி, மோர் எனத் திரவமாக நிறையக் குடியுங்கள். மதியம் ஒரு மணி நேரம் படுங்கள். கல்யாணத்தன்று எதிலும் சேரவில்லையே என்று மனம் குறுகுறுத்தால், உட்கார்ந்து மொய் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.