தீத்தடுப்புக் கதவு: எண் போட்டால்தான் கணக்கு

கேள்வி: நாகர்கோவிலில் இரண்டு அடுக்குமாடிகள், மார்த்தாண்டத்தில் ஒரு வணிக வளாகம், கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ். நான்கையும் நாங்களே பராமரிக்கிறோம். தீத்தடுப்புக் கதவுகளை எப்படி முறையாகச் சோதிப்பது?
– தக்கலை வாசகர்

பதில்: முதலில் கட்டடம், மாடி, கதவு என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். 'மாடிக் கதவு சரியில்லை' என்று எழுதினால் பழுதுபார்க்க வருபவர் எந்தக் கதவைத் தேடுவார்?

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத்தில் மரக்கதவு உப்பித் தரையில் உரசும். எனவே செப்டம்பரிலும் ஜனவரியிலும் முழுச் சோதனை வையுங்கள். லாட்ஜுக்கு அது போதாது. உப்புக்காற்றில் கீலும் திருகும் துருப்பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கார்த்திகையில் ஐயப்ப பக்தர் கூட்டம் வருமுன் ஒரு சுற்று முடிந்துவிட வேண்டும்.

கதவைப் பாதி திறந்து விடுங்கள். பிறகு ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு முறையும் தானாக மூடி, தாழ்நாக்கு விழ வேண்டும். பல கதவுகள் தோற்பது அந்தக் கடைசிச் சாணில்தான். கதவைத் தானாக மூட வைக்கும் டோர் குளோசரில் எண்ணெய் கசிந்தால் திருகிப் பயனில்லை, மாற்றுங்கள். கதவுக்கும் நிலைச்சட்டத்துக்கும் நடுவே பக்க இடைவெளி சுமார் 3 மி.மீ. இருக்கலாம், 4-ஐத் தாண்டினால் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கதவுக்கு முட்டுக்கொடுத்த செங்கல்லை அன்றே அப்புறப்படுத்துங்கள்.