ஆபீஸ் பையா, கேமரா பையா?

கேள்வி: கிட் லென்ஸோடு ஒரு கேமராவும் 50 எம்.எம். லென்ஸும் வைத்திருக்கிறேன். தினமும் ஸ்கூட்டியில் ஆபீஸ் போகும்போது கூடவே எடுத்துப்போக எப்படிப்பட்ட பை வாங்கலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: தினமும் எடுத்துப்போகிற சாமான்களை மட்டும் மேஜையில் பரப்புங்கள். டிபன் பாக்ஸையும் சேர்த்துத்தான்! பை அந்த அளவுக்கு இருந்தால் போதும். 'நாளைக்கே 70-200 (தூரத்தில் இருப்பதை நெருக்கமாகக் காட்டும் பெரிய ஜூம் லென்ஸ்) வாங்கினால்?' என்று பெரிய பைக்கு ஆசைப்படாதீர்கள். அதிக வெளிச்சம் வாங்கும் எஃப் 2.8 ரகம் என்றால் அந்த லென்ஸே சுமார் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ வரும். அதை யார் ஆபீஸுக்குச் சுமக்கப் போகிறார்கள்?

தெருவில் நடந்து படமெடுக்கத் தோள்பைதான் சௌகரியம். பிலடெல்பியா பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி 1970களில் உருவாக்கிய கேன்வாஸ் பைக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆனால் ஸ்கூட்டியில் அது முன்னால் சரிந்து ஹேண்டில்பாரில் இடிக்கும். உங்களுக்கு முதுகுப்பைதான்.

அதையும் புதிதாக வாங்க வேண்டாம் என்பேன். கேமரா இன்சர்ட் என்று கடையில் கேளுங்கள்: வெல்க்ரோ தடுப்பு வைத்த மெத்தைப் பெட்டி. இருக்கிற ஆபீஸ் பைக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். வாங்குமுன் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மறுபக்கம் விரல் தட்டுப்பட்டால் அந்த மெத்தை உதவாது. தண்ணீர் பாட்டில் எப்போதும் வெளிப்பையில். ஐப்பசி மழைக்கு ரெயின் கவர் அவசியம். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள், ஈரப் பைக்குள் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.