பேய் வீட்டில் பூச்சு வேலை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். பழைய வீடு ஒன்றை வாங்கும் குடும்பம்: அப்பா, அம்மா, பதினான்கு வயது மகள், சின்னப் பையன். கையில் காசில்லாததால் அப்பாவே அறை அறையாகப் பழுது பார்க்கிறார். வீட்டில் ஏதோ இருக்கிறது. படித்த நண்பர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான். பழுது வேலை வரும் இடங்கள் கையேடு போல இருக்கின்றனவாம், பேய் வரும் இடங்களில் பயம் வரவில்லையாம். பழுது வேலையைக் குறைத்துப் பேயைக் கூட்டிவிடலாமா? மூன்றாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குறைக்காதீர்கள். சரியாகச் செய்யுங்கள், போதும். மூன்றாம் அத்தியாயத்தில் அப்பா காலையில் சுவரைக் கொத்துகிறார், மதியம் சிமெண்ட் பூசுகிறார், மாலையில் பெயிண்ட் அடிக்கிறார். மறுநாள் அதே இடத்தில் கறை. இதைப் பேயின் முதல் வேலையாக வைத்திருக்கிறீர்கள். சுவர் வேலை தெரிந்தவர் சிரித்துவிடுவார். ஈரப் பூச்சின் மேல் அடித்த பெயிண்டில் கறை வராமல் இருந்தால்தான் அமானுஷ்யம்.

பயம் வராததற்குக் காரணமும் இதுவே. என்ன நடக்க வேண்டும் என்று தெரியாத வாசகருக்கு, நடக்கக் கூடாதது நடக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. அதைத் தெரியவைக்கும் வேலையைத்தான் பழுதுக் காட்சிகள் செய்ய வேண்டும்.

உங்கள் சுவரையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவர் என்கிறீர்கள். அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இருக்காது. மண்ணிலிருந்து ஓதம், அதாவது ஈரம், ஏறும், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம் வரை. ஏறும் நீர் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். நீர் மேற்பரப்பில் ஆவியாகும், உப்பு அங்கேயே படிகமாகி காரையைத் தள்ளிப் பெயர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதை எடுத்துவிட்டு அப்பா சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. நீர் இன்னும் மேலே ஏறி, புதுப் பூச்சு முடியும் விளிம்புக்கு மேல் வெளிவரும். அல்லது சுவரின் மறுபக்கம்.

மறுபக்கம் மகளின் அறை. முழங்கால் உயரத்தில் இருந்த கறை அப்பா பூசப் பூச இடுப்புக்கு, தோளுக்கு ஏறுகிறது, பிறகு ஒருநாள் மகளின் கட்டிலுக்குப் பின்னால் தெரிகிறது. இதற்குப் பேயே வேண்டாம். அப்பாவின் பூச்சுக் கரண்டி போதும்.

சரியான முறையையும் யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும்: வெளியே மண் மேடு வீட்டுத் தரைக்கு மேல் இருக்கிறதா, மழைநீர்க் குழாய் சுவரோரம் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஈரக்கோட்டுக்கு அரை மீட்டர் மேல்வரை செங்கல் தெரியக் கொத்தி, செங்கல்களுக்கு இடையிலான சந்துகளை ஒரு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, காயவிட வேண்டும். இருபத்தைந்து மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம், கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அதன்பின் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டருக்கு மிகாமல். பூசியதும் வெயிலும் காற்றும் படாமல் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். இல்லாவிட்டால் மயிரிழை வெடிப்பு வரும்.

ஒன்பது மாதம் காத்திருக்க அப்பாவுக்குப் பொறுமை இல்லை. மகள் அறையை அவள் பிறந்தநாளுக்குள் முடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று இரண்டாம் அத்தியாயத்தில் நீங்களே எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள். கூரை, குழாய், வயரிங், பூச்சு, கடைசியில் பெயிண்ட் என்ற வரிசையை அவர் தலைகீழாக்குவது அந்த வாக்குக்காகத்தான். குடும்பச் சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சாக்கை நனைக்கும் வேலையை மகளிடமே கொடுங்கள். நாளுக்கு மூன்று முறை, தனியாக, அந்தச் சுவரின் முன்.

கேஸ் கீசரை நான்கு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். அது ஒரு முழு அத்தியாயத்துக்கான பொருள். 1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், காலடிச் சத்தமும் யாரோ பார்ப்பது போன்ற உணர்வும் தலைவலியுமாகத் தவித்த ஒரு குடும்பத்தைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பழுதான கணப்பு உலையின் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் கசிந்திருந்தது. உங்கள் அப்பா சுவரைக் கொத்தும்போது ஒரு காரைக் கட்டி கீசரின் புகைக்குழாயில் விழட்டும். அதே வாரம் குளிருக்காக ஜன்னல் இடுக்குகளையும் அடைக்கட்டும். வீட்டைவிட்டு வெளியே போனால் தலைவலி விடுகிறது, திரும்பினால் வருகிறது. அம்மா இதைக் கண்டுபிடித்துக் குழாயைச் சுத்தம் செய்ய வைக்க வேண்டும். தலைவலி போகிறது. காலடிச் சத்தம் மட்டும் போகவில்லை.

இரவு இரண்டு மணிக்குக் குழாயில் யாரோ தட்டுவது பழகிய உத்தி. ஓடும் நீர் சட்டென்று அடைபடும்போது வரும் அதிர்ச்சி அது. குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீக்கிவிடுங்கள்.

விரிசல் காட்சியை மட்டும் காப்பாற்றுங்கள். விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் ஒட்டி, தேதி எழுதிவைப்பார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு முனை ஒட்டு விட்டிருந்தால் உடையாது, ஏமாற்றிவிடும். ஆகவே அப்பா நகத்தால் நெம்பிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பென்சில் நுழையாத விரிசலில் இப்போது விரல் நுழைகிறது. இரண்டு முனையும் இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது, உங்கள் வாசகரிடமும் இருக்காது.

தானாகத் திறக்கும் கதவையும் இப்படியே செய்யலாம். கதவு நிலை தூக்குக்குண்டுக்கு நேராக, அதாவது செங்குத்தாக, இல்லாவிட்டால் கதவு நிறுத்திய இடத்தில் நிற்காது. நடுக் கீலின் ஆணியைக் கழற்றி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி லேசாக வளைத்துத் திரும்பப் போட்டால் உராய்வில் நின்றுவிடும். அப்பா இதை ஆறாம் அத்தியாயத்தில் செய்யட்டும், பையன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அறுபது பக்கம் கதவு அசையக் கூடாது. பிறகு ஒரு காலையில் அது திறந்திருக்கிறது. ஆணி தரையில் கிடக்கிறது. பையன் எடுத்துப் பார்க்கிறான். வளைவே இல்லை.