கோல் கும்பஸ் பார்க்கப் போறவைக்கு: கேள்வி பதில்

கர்நாடகத்து விஜயபுரத்தில் இருக்கிற சுல்தான் முகமது அடில் ஷாவின் (ஆட்சி 1627–1656) கல்லறைதான் கோல் கும்பஸ். அது, அதன் முன்னால் இருக்கிற மியூசியம், இரண்டையும் பற்றி மட்டும் கேளுங்கோ. கேட்டவை இலங்கையில் திருகோணமலைப் பக்கத்து ஆக்கள்; பெயருக்குப் பதில் அவையின்ர ஊர்.

உப்புவெளி: அண்ணா, எப்படிப் போறது? எங்களுக்கு வெளிநாட்டு டிக்கெட்தானே?

இல்லை, தங்கச்சி. சார்க் (இலங்கையும் இருக்கிற தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இந்தியர்களின் கட்டணம்தான். வெளிநாட்டுக் கட்டணம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல். ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கவேணும். ஹோட்டலில் விட்டுட்டுப் போய்க் கவுண்டரில் வாதாடாதேங்கோ. கொழும்பிலிருந்து பெங்களூருக்கு விமானம். அங்கே பின்னேரம் கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் விஜயபுரம். பழைய பெயரில் பீஜப்பூர் என்று தேடினால் சத்தீஸ்கர் பீஜப்பூரும் வரும், கவனம்.

கிண்ணியா: நானா, குவிமாடத்துக்குள்ள சத்தம் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும் எண்டுறது உண்மையா? போய் வந்த கூட்டாளி வெறும் இரைச்சல் எண்டான்.

உண்மைதான். உங்கட கூட்டாளி போன நேரம் பிழை. குவிமாடத்தின் உள்விட்டம் கிட்டத்தட்ட 38 மீற்றர். சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ கால் விநாடி போதும். அதனால் இருபது பேர் ஒன்றாகக் கத்தினால் எல்லாம் கலந்து இரைச்சல்தான். காலை 6 மணிக்குத் திறந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர முதல், குவிமாடத்தின் அடியைச் சுற்றி இருக்கிற மேல் மாடத்துக்கு ஏறுங்கோ. ஒரே ஒருக்கா கை தட்டிவிட்டு அது அடங்கும்வரை பேசாமல் நில்லுங்கோ. இரகசியம் பேசுறதென்றால் ஆளைப் பார்த்தல்ல, சுவரைப் பார்த்துப் பேசவேணும். ஒலி வளைவை ஒட்டியே ஓடி எதிர்ப்பக்கம் போகும். தயவுசெய்து கத்தாதேங்கோ.

நிலாவெளி: டிக்கெட் எவ்வளவு?

இந்தியர்களின் கட்டணம்தான் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். பாஸ்போர்ட்!

உவர்மலை: அம்மாவுக்கு முழங்கால் நோ. கோணேசர் கோயில் ஏற்றம் ஏறுவா.

அது சரிவு. இது மூலைக் கோபுரத்துக்குள் ஒடுங்கின, செங்குத்தான படி. இறங்குறது இன்னும் கஷ்டம். அம்மா கீழேயே இருக்கட்டும். மேடையில் மரப்பந்தலின் கீழ் தெரிகிறவை அடையாளக் கல்லறைகள்தான். அசல் நிலவறையில்.

மூதூர்: உலகத்தில் இரண்டாவது பெரிய குவிமாடம் இதுதானே?

இல்லை. இந்தக் கதை எப்பதான் ஓயுமோ!

மூதூர்: வழிகாட்டிகள் 44 மீற்றர் என்கினம். ரோமில் இருக்கிற பழைய கோயில் பந்தியனின் குவிமாடம் 43தானே?

44 வெளிவிட்டம், தம்பி. பந்தியனின் 43.3 உள்விட்டம். வெளியை உள்ளோடு ஒப்பிட்டால் யாரும் வெல்லலாம். உள்ளளவில் பந்தியன், புளோரன்ஸ் பேராலயம், புனித பேதுரு பேராலயம் மூன்றும் இதைவிடப் பெரிசு.

கிண்ணியா: அப்ப பெருமைப்பட ஒண்டுமில்லையா, நானா?

ஏனில்லை? மண்டபம் பக்கத்துக்கு 41 மீற்றர் சதுரம்; ஏறத்தாழ 1,690 சதுர மீற்றர் தரை. பந்தியனின் வட்டத்தரை 1,470 அளவில்தான். இவ்வளவு தரைக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஒன்றையொன்று வெட்டுகிற எட்டு வளைவுகள் சதுரத்தை வட்டமாக ஒடுக்கிப் பாரத்தைச் சுவருக்கு இறக்குது. மாடத்தில் நின்று அந்த வெட்டுக்கோணங்களைப் பாருங்கோ. அதைச் சொல்லிப் பெருமைப்படலாம்.

தம்பலகாமம்: தாஜ்மகாலுக்கும் இதே பாஸ்போர்ட் முறையா?

அது ஆக்ரா; அதைப் பற்றி வேற ஆளைக் கேளுங்கோ.

பாலையூற்று: வெள்ளிக்கிழமை போகலாமா?

கல்லறைக்குப் போகலாம். மியூசியம் வெள்ளி பூட்டு. 1892இல் தொடங்கினது, முன்வாசல் நகரா (முரசு) மண்டபத்தில் இருக்கு. கல்வெட்டு, வாள், கம்பளம், சீனப் பீங்கான் எல்லாம் பார்க்க ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கோ.