சாலி கிரீன்கிராஸ் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

பிரிட்டனில் முதியோர் உரிமைக்காகப் பாடுபட்ட சாலி கிரீன்கிராஸை அரசியல் முன்னோடி என்று நினைவுகூர்ந்து நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய். நானும் கணவரும்தான் பார்க்கிறோம். முன்பு வந்துபோன ஆட்கள் இப்போது வருவதில்லை. கோயிலில் யாரும் விசாரித்தால் ‘அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாது’ என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுகிறேன். ஒரு வாக்குக்கூட வாங்காமல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இருந்தவரை எப்படி அரசியல் முன்னோடி என்கிறீர்கள்? அவர் போட்ட அறிக்கைகளால் எங்களைப் போன்ற வீடுகளுக்கு என்ன கிடைத்தது?

ஒரு வாசகி, லண்டன்

அன்புள்ள சகோதரி,

அவர் தேர்தலில் வென்று வந்தவர் அல்ல, உண்மைதான். 2000இல் நியமன உறுப்பினராகப் பிரபுக்கள் சபைக்கு வந்தார், எந்தக் கட்சியையும் சேராமல் இருந்தார். 2022 ஜூனில் 86 வயதில் இறந்தார். ஆனால் அவருடைய அரசியல் சபைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1987 முதல் 2000 வரை ஏஜ் கன்சர்ன் என்ற முதியோர் நல அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். முதியோர் என்றால் இரக்கப்பட்டு உதவ வேண்டியவர்கள் என்பதே பொதுவான எண்ணம். வயதைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதும் நிறத்தையோ பாலினத்தையோ காட்டி ஒதுக்குவதும் ஒரே குற்றம் என்று அவர் விடாமல் வாதாடினார். இன்று பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் வயதும் இடம்பெற்றிருக்கிறது. 65 வயதானால் வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்ற விதி 2011இல் ஒழிந்தது. இவை அவர் ஒருவரால் நடந்தவை அல்ல, பலர் போராடினார்கள். அந்த வரிசையில் முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

நான் அவரை முன்னோடி என்று எழுதக் காரணம் 2011இல் வந்த ஓர் அறிக்கை. சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் இங்கிலாந்தில் முதியோருக்கு வீடு தேடி வந்து செய்யும் பராமரிப்பை விசாரித்தது. அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். பராமரிக்க வரும் ஒரு கேரர் வந்துபோய் அடுத்தவர் வரும்வரை 17 மணி நேரம் படுக்கையிலேயே கிடந்தவர்கள், தட்டில் சாப்பாடு இருந்தும் ஊட்டிவிட ஆள் இல்லாதவர்கள், அவசர அவசரமாகத் துடைத்துவிடப்பட்டவர்கள் பற்றியெல்லாம் அதில் வந்தது. இதை ‘சேவையில் குறைபாடு’ என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். அந்த அறிக்கை மனித உரிமை மீறல் என்றது. வீட்டுப் பராமரிப்பை நம்பி இருப்பவர்களில் டிமென்ஷியா உள்ளவர்கள் ஏராளம். நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்காக இந்த வாதத்தை வைத்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அப்புறம், உங்கள் வீடு. டிமென்ஷியாவுக்கான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தபோது, 2013இல் கறுப்பின, ஆசிய, சிறுபான்மை இனத்தவரைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தச் சமூகங்களில் அப்போது சுமார் 25,000 பேருக்கு டிமென்ஷியா இருந்தது. 2051இல் அது 1,72,000ஐத் தாண்டும் என்று கணித்தார்கள், அதாவது ஏறக்குறைய ஏழு மடங்கு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதே காலத்தில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை இளைஞர்களாக வந்து குடியேறியவர்கள் முதுமையை எட்டுவதே முக்கியக் காரணம். இவர்களுக்கு நோய் கண்டறியப்படுவது தாமதமாகிறது, உதவியும் குறைவாகவே போய்ச் சேர்கிறது.

ஏன் சேரவில்லை? பாதிக் காரணம் நீங்கள் கோயிலில் பேச்சை மாற்றுவதில் இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. ‘பெத்த தாயைப் பார்க்கத் துப்பில்லையா’ என்ற சொல்லுக்கு அஞ்சாத மகள் நம்மில் யார்? மீதிப் பாதி அதிகாரிகளிடம். ‘ஆசியக் குடும்பங்கள் தங்கள் பெரியவர்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்’ என்று நம்மைப் பாராட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது அவர்களுக்கு வசதி. ராத்திரி விழித்திருக்கும் மகளுக்கு அந்தப் பாராட்டால் ஒரு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது.

அறிக்கைகளால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். புற்றுநோய்க்கு என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை இலவசமாக வைத்தியம் பார்க்கிறது. டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது குளிப்பாட்ட, ஊட்டிவிட, கூட இருக்க ஆள். அது சமூகப் பராமரிப்புக் கணக்கில் போய்விடுகிறது. இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்காகக் கட்டவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைப்பதாக 2014இல் சட்டம் செய்தார்கள், தள்ளிப்போட்டார்கள், 2024இல் கைவிட்டார்கள். இந்த நோய் வந்தவர்களுக்கு இது பெரிய அநீதி.

சரி, இப்போதே கேட்டுப்பெறக் கூடியவை சில இருக்கின்றன. 2014 பராமரிப்புச் சட்டப்படி, கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு என்ன உதவி தேவை என்று கவுன்சில் மதிப்பீடு செய்தாக வேண்டும். அம்மாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் தனியாகக் கேளுங்கள். அம்மா ஓய்வூதிய வயதைக் கடந்தவர் என்றால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சேமிப்பு எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள், ஆனால் குடிவரவு நிலை, வசிப்பு பற்றிய நிபந்தனைகள் உண்டு. படிவத்தை நிரப்பும்போது அம்மாவின் நல்ல நாளை வைத்து எழுதாதீர்கள். மோசமான நாளில் என்னென்ன நடக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அன்புடன்.